மஞ்சள் மிதவைக்கு உள்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூன்று பாடம். முதல் ஆள் ஒரு பல் டாக்டர். ஐம்பது வயதில் கார் ஓட்டப் பழக வந்திருக்கிறார். கியரைப் பிடிக்கிற பிடியில் அதைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவார் போலிருக்கிறது. பேக்கரி முனையில் என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்திராவிட்டால் இன்று ரொட்டி அலமாரிக்குள் போய் நின்றிருப்போம். கத்திவிட்டேன். மனிதர் அரண்டுபோய், "மேடம், உங்களுக்கு மைக்கே வேண்டாம்" என்றார். அது நிஜம்தான். கல்லூரியில் எனக்குப் பெயரே சங்கு. கோயில் சங்கு இல்லை, ஆலைச் சங்கு.

அப்பா போய் இன்றோடு மூன்று வாரம்.

மாலையில் படகு கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. இருபத்து மூன்றாம் தேதி நினைவுக் கூட்டம். கிளப்பும் கல்லூரியும் முன்னாள் ராணுவத்தினர் சங்கமும் சேர்ந்து நடத்துகிறார்களாம். அப்பாவின் வாழ்க்கையை ஐந்து நிமிடத்தில் நான் வாசிக்க வேண்டும். தொண்ணூற்றொரு வருடம், ஐந்து நிமிடம். அழைப்பிதழின் மாதிரியையும் வைத்திருந்தார்கள். "வீரர், பேராசிரியர், பயிற்சியாளர். வாழ்நாளில் ஒரு பொய்யும் சொல்லாதவர்."

அம்மா இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவள் சமையலைப் பற்றி மட்டும் அவர் சொன்ன பொய்களுக்கு ஒரு நோட்டு போதாது.

மார்ச் 6, வியாழன்

எழுத உட்கார்ந்தேன். முன்னேறவில்லை.

பத்தொன்பது வயதில் ராணுவம். பாலம் போடும் பிரிவு. படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பி, வண்டிகளை அக்கரைக்கு அனுப்பும் வேலை. துடுப்புப் பிடிக்கக் கற்றது அங்கேதான். இடது கையில் இரண்டு விரல்கள் போனதும் அங்கேதான். எல்லோரும் குண்டு பட்டுப் போனதாக நினைத்துக்கொள்வார்கள். அவர் விடமாட்டார். "குண்டு இல்ல. ரெண்டு படகுக்கு நடுவுல கையைக் கொடுத்தேன். கொக்கி மாட்டத் தெரியாத முட்டாளா இருந்தேன்" என்று கல்யாண வீட்டில் யார் கேட்டாலும் சொல்வார். கேட்டவர் முகம் தொங்கிப்போகும்.

பிறகு படிப்பு. முப்பத்தோராம் வயதில் நில அளவை வாத்தியார், கடைசியில் பேராசிரியர். அரை மீட்டர் தவறாக அளந்த பையன்களை ஈவிரக்கம் இல்லாமல் ஃபெயில் ஆக்கியவர். "சுமார்" என்ற சொல்லை வகுப்பில் யாரும் உச்சரிக்கக் கூடாது. வீட்டில் அம்மா "சுமார் எட்டு மணிக்கு வந்துடுவேன்" என்றால்கூட முகம் சுளிப்பார்.

படகுக்கு வந்தது தற்செயல். கல்லூரிப் பையன்கள் ஆற்றில் கோணல்மாணலாகத் துடுப்புப் போடுவதைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறார். பொறுக்கவில்லை, திட்டியிருக்கிறார். மறுநாளும் போய்த் திட்டியிருக்கிறார். அப்படியே ஐம்பது வருடம். கரையோரம் சைக்கிள், கழுத்தில் ஒலிபெருக்கிக் குழாய், கைப்பிடியைப் பிடிக்க இரண்டு விரல் குறைவு.

அவருக்குப் பெயர்கள் நிற்காது. படகில் எந்த இருக்கையோ அந்த எண்தான் பெயர். ஒன்று, இரண்டு, எட்டு வரை. அவர்களுக்குக் கல்யாணம் ஆகி, தலை நரைத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், "என்னடா அஞ்சு, முட்டி வலி எப்படி?" என்றுதான் கேட்பார்.

எனக்கு மட்டும் எண் கிடையாது. நான் காக்ஸ். எட்டுப் பேர் துடுப்புப் போட, படகின் வாலில் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவள். படகில் முன்னால் பார்க்கிற ஒரே ஆள்.

இதையெல்லாம் எழுதிவிடலாம். அந்த ஒரு பந்தயத்தை எழுதுவதா விடுவதா?

மார்ச் 9, ஞாயிறு

எட்டு வந்திருந்தான்.

எட்டு என்றால் எட்டாம் இருக்கை. காக்ஸுக்கு நேர் எதிரில், முழங்காலுக்கு முழங்கால் உட்கார்கிறவன். இன்று கிளப்பின் தலைவர். வழுக்கை, வெள்ளைச் சட்டை, தோல் பை. தேநீர் கொடுத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றான், பிறகு இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டான். சுற்றி வளைத்து அப்பாவைப் புகழ்ந்தான். என்னவோ கேட்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குடுமி சும்மா ஆடாது, இவனுக்கு அது இல்லாவிட்டாலும்.

விஷயம் இதுதான். நாற்பத்தோரு வருடங்களுக்கு முன்னால் நடந்த நெடுந்தூரப் பந்தயம். பன்னிரண்டு படகுகள், அரை நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் புறப்பட வேண்டும், குறைந்த நேரத்தில் வந்த படகுக்குக் கோப்பை. பாதி வழியில் ஆறு வளைகிறது. அந்த வளைவில் ஒரு மஞ்சள் மிதவை. படகு அதற்கு வெளிப்பக்கமாகச் சுற்றித்தான் வர வேண்டும். உள்பக்கமாகப் போனால் தூரம் குறையும், படகை நீக்கிவிடுவார்கள்.

நாங்கள் இரண்டு வினாடியில் ஜெயித்தோம். பதக்கம் கழுத்தில் ஏறியது. ஒரு மணி நேரம்கூட இருக்காது, திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எங்கள் படகு உள்பக்கமாகப் போனதாகப் புகார். வளைவில் நிற்க வேண்டிய நடுவர் படகு, கவிழ்ந்த வேறொரு படகைத் தூக்கப் போயிருந்தது. அதனால் எந்த நடுவரும் பார்க்கவில்லை. புகார் கொடுத்தவர் எங்கள் கோச். என் அப்பா.

இப்போது கிளப், அந்தப் பந்தயத்தை நடத்திய படகுப்போட்டிச் சங்கத்துக்கு மனு போடுகிறது. நீக்கியது செல்லாது என்று அறிவித்து, பட்டத்தைத் திருப்பித் தர வேண்டுமாம். அவருடைய நினைவாகவாம். அதற்குத் தேவை ஒரே ஒரு கையெழுத்து. படகு மிதவைக்கு வெளிப்பக்கமாகத்தான் போனது என்று அன்று சுக்கான் பிடித்தவள் எழுதித் தர வேண்டும்.

"சங்கு, யாருக்கும் நஷ்டம் இல்ல. சாருக்கு மரியாதை. உனக்கும் அந்தப் பழி போயிடும்" என்றான்.

அவர் தன் வாயால் போய்ச் சொன்னதை, அவர் வாயில்லாமல் போன நாலாம் வாரம் பொய்யாக்குவது மரியாதையாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? உடனே முடியாது என்று சொல்லியிருக்கலாமே. பழி போயிடும் என்றானே, அந்த இடத்தில் எனக்குச் சபலம் தட்டிவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

அன்று படகுத்துறையில் அவர் என்னிடம் பேசியது இரண்டே வாக்கியம்.

"மிதவையைப் பார்த்தியா?"

"இல்ல."

"சுக்கான் உன் கையில இருந்துது."

அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நடுவர்களின் கூடாரத்துக்குப் போனார். நான் ஈரக் காலோடு நின்றுகொண்டிருந்தேன். பெற்ற மகளைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று எட்டுப் பேருக்கும் தெரிந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் படகில் ஏறவில்லை. ஆறு வருடம் அவரோடு பேசவில்லை. வேறு ஊருக்குப் போனேன், வேலை பார்த்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், அம்மாவுக்கு முடியாமல் போனபோது திரும்பி வந்தேன். பிறகு பேசினோம். மழை, மருந்து, செய்தித்தாள். அந்தப் பேச்சை மட்டும் அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கடைசி இரண்டு வருடம் அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். கன்னத்தில் சோப்பு நுரையோடு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்போதாவது கேட்டிருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

எட்டு ஒரு ஃபைல் அனுப்பியிருக்கிறான். மனுவுக்காகச் சங்கத்தின் பழைய அலுவலகத்தில் தேடி எடுத்த நகல்கள். கடைசிப் பாடத்தை ரத்து செய்துவிட்டு, காரிலேயே உட்கார்ந்து படித்தேன்.

அப்பாவின் கையெழுத்து. அன்றைய தேதி. அப்படியே எழுதுகிறேன்.

"எங்கள் படகு மஞ்சள் மிதவைக்கு உள்பக்கமாகச் சென்றதைக் கரையிலிருந்து கண்டேன். சுக்கான் பிடித்தவருக்கு நான் வரைந்து கொடுத்த தடம் தவறானது. மிதவையின் இடத்தை நான் பிழையாகக் குறித்துவிட்டேன். அவர் என் வரைபடத்தைச் சரியாகவே பின்பற்றினார். பிழை முழுவதும் என்னுடையது."

கூடவே ஒரு வரைபடம். ஆற்றின் வளைவு, கரைகள், பாலம், எல்லாம் மீட்டர் கணக்கில். நடுவே நான் போக வேண்டும் என்று அவர் சொன்னதாக ஒரு கோடு. மிதவைக்கு உள்பக்கமாக, துல்லியமாக, அழகாக.

பொய். பச்சைப் பொய். அவர் எனக்குக் கொடுத்த படம் இது இல்லை. பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் என்னைக் கரையோரம் நடக்கவைத்து, சிவப்புப் பென்சிலால் வரைந்து கொடுத்தார். கோடு மிதவைக்கு வெளியே, இரண்டு துடுப்பு நீளம் தள்ளி. அதைத் துறையிலேயே கிழித்து ஆற்றில் போட்டவள் நான்.

அரை மீட்டருக்குப் பையன்களை ஃபெயில் ஆக்கியவர். கூடாரத்து மேசையில் உட்கார்ந்து, மூன்று விரல் கையால் தாளை அழுத்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தப்பாக ஒரு கோடு போட்டிருக்கிறார்.

அடுத்த பக்கத்தில் சங்கத்தின் தீர்ப்பு. படகு நீக்கம். கோச்சுக்கு இரண்டு வருடத் தடை. தடை விஷயம் இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இரண்டு வருடம் அவர் ஆற்றுப் பக்கமே போகவில்லை என்று அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள். என் மேல் கோபம், அதுதான் போகவில்லை என்று நினைத்தேன். நினைத்து, அதையும் அவர் கணக்கில் குற்றமாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஏம்பா சொல்லல? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? ஆறு வருஷம்பா. உன் பேரைக் கேட்டாலே எழுந்து போயிடுவேன். நீ என்னடான்னா உன் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க.

காரில் உட்கார்ந்து அழுதேன். யாரோ கண்ணாடியைத் தட்டி, "டிரைவிங் கிளாஸ் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று கத்தினேன்.

மார்ச் 14, அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

நாற்பத்தோரு வருடமாக இந்த நோட்டுகளில்கூட எழுதாததை இன்று எழுதுகிறேன்.

நான் மிதவையைப் பார்த்தேன்.

தூரத்திலேயே பார்த்தேன். நடுவர் படகு இடத்தில் இல்லை என்பதையும் பார்த்தேன். முன்னால் போன படகுக்கும் எங்களுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. கோச்சின் மகள் என்பதால்தான் அவளுக்கு அந்த இடம் என்று கிளப்பில் ஆளுக்கு ஆள் பேசினார்கள், என் காதுபடவே. ஜெயித்து அந்த வாய்களை அடைக்க வேண்டும். இடது கயிற்றை இழுத்தேன். கை நழுவவில்லை. வேண்டுமென்றே இழுத்தேன்.

கரையில் சைக்கிளில் வந்தவருக்கு என் தலை திரும்பியது தெரிந்திருக்கும். தெரிந்துதான் கேட்டார். நான் இல்லை என்றேன். அவரிடம் நான் சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவர் ஒரு பொய் வரைந்தார்.

மார்ச் 15, சனி

இரண்டைப் பார்க்கப் போனேன். இரண்டாம் இருக்கைக்காரன், அச்சகம் வைத்திருந்தவன். நுரையீரல் போய்விட்டது. மாடி அறையில் கட்டில், மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் குளிர்பெட்டி போல உறுமிக்கொண்டிருக்கிறது. அவன் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று என்னை மிரட்டிவிட்டுப் போனாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லிவிட்டேன். வெளியில் ஒரு மனிதரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அவன் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் சங்கு. துடுப்புப் போடறவன் பின்பக்கம் பார்த்துதானே உட்கார்ந்திருக்கான். வர்றது தெரியாது, போனது தெரியும். மிதவை என் பக்கம் வந்துது, உன்னையும் தாண்டி, உன் தலைக்குப் பின்னாடி போச்சு. தப்பான பக்கம். எட்டு பேரும் பார்த்தோம்."

"அப்போ ஏன் யாரும் வாயைத் திறக்கல?"

"கண்ணு படகுக்குள்ள இருக்கணும்னு சார் சொல்லுவாரே. அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டோம்."

உண்மைதான், அது அப்பாவின் சட்டம். துடுப்புப் போடுகிறவன் முன் இருக்கைக்காரனின் முதுகைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது. கேட்டால், சார் சொன்னபடி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லிவிடலாம். ஆனால் எட்டுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அவனுக்கு முன்னால் முதுகு இல்லை. நான்தான் இருந்தேன். நான் கயிற்றை இழுத்ததை ஒரு முழத் தூரத்தில் பார்த்தவன் அவன். பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

பதக்கம் வேண்டுமா என்று இரண்டைக் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"வேணும். ஏன் பொய் சொல்லணும்? நீ கையெழுத்துப் போட்டா வாங்கிக் கழுத்துல மாட்டிக்குவேன். போடலைன்னா உன்னை வாய்க்கு வந்தபடி திட்டுவேன்."

பத்து நிமிடம் முடிந்துவிட்டது என்று அவன் மனைவி வந்து நின்றாள். சாகப்போகிற ஒருவனுக்கு ஒரு தகரத்துண்டைக் கொடுக்க மறுக்கிறேன். அதுவும் நான் பறித்த தகரம்.

மார்ச் 17, திங்கள்

தம்பி போன் செய்தான். எட்டு அவனுக்கும் பேசியிருக்கிறான். எத்தன்.

தம்பியின் வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. படகு வெளியேதான் போனது என்று நான் எழுதினால் நீக்கமும் செல்லாது, அப்பாவின் தடையும் செல்லாது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இருக்கும் கறை போய்விடும். கிளப்புக்குக் கோப்பை, இரண்டுக்குப் பதக்கம், எனக்கு நிம்மதி. ஒரு கையெழுத்தில் நாலு நல்லது. மிதவையைப் பார்த்தேதான் இழுத்தேன் என்று அவனிடமும் சொல்லிவிட்டேன்.

"நீ உண்மையைச் சொன்னா அப்பா பொய் சொன்னாருன்னு ஆகும் அக்கா. அவர் நினைவுக் கூட்டத்துலயே அதைச் சொல்லப் போறியா?"

அவர் பொய் சொன்னார்டா, எனக்காகச் சொன்னார் என்றேன். அப்படியானால் அதைக் காப்பாற்றுவதுதானே நியாயம் என்று கேட்டான். வக்கீலாகப் போயிருக்க வேண்டியவன்.

போனை வைத்த பிறகு, பாத்திரம் கழுவும்போதுதான் பதில் தோன்றியது. அவருடைய பொய்யால் அவருக்குத்தான் நஷ்டம். இவர்கள் கேட்கிற பொய்யால் சொல்கிற எங்களுக்கெல்லாம் லாபம். இரண்டும் ஒன்றாகுமா? அவர் சொன்னது ஒன்றே ஒன்று, அதற்கான விலையையும் தானே கொடுத்துவிட்டார். அதை எடுத்து இவர்கள் கோப்பை செய்துகொள்ள நான் விடமாட்டேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருடம் மின்சார மீட்டர் சோதித்தவர், எதற்கும் பதறமாட்டார். கழுவிய தட்டைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நீ வேணும்னே பண்ணியிருப்பேன்னு எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம்" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

எட்டு மூன்று தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

எழுதி முடித்தேன். ஐந்து நிமிடத்துக்கு அளந்து எழுதினேன். சங்கத்துக்குத் தனியாக ஒரு கடிதம், பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. மனுவுக்கான கையெழுத்து இல்லை. என்னுடைய சொந்த மனு. அன்று மிதவைக்கு உள்பக்கம் போனது என் முடிவு, கோச் கொடுத்த தடம் சரியானது, அவர் பெயரில் உள்ள தண்டனையை எடுத்து என் பெயரில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

தபால் அலுவலகத்தில் வரிசை. அறுபத்திரண்டு வயது. பரீட்சையில் காப்பி அடித்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

கல்லூரியின் பெரிய வகுப்பறை, படிப்படியாக இறங்கும் பெஞ்சுகள். அப்பா முப்பத்து நாலு வருடம் பாடம் நடத்திய அறை. மேடையில் அவர் படம். எவனோ கணினியில் அவர் இடது கையைச் சரிசெய்து ஐந்து விரல் கொடுத்திருந்தான். அங்கேயே எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

முதல்வர் பேசினார். ராணுவச் சங்கத்துப் பெரியவர், எண்பத்தெட்டு வயது, தடியை ஊன்றி நின்று, குண்டு பாய்ந்த கையோடு பாலம் கட்டிய வீரர் என்றார். எட்டு எழுந்து, இழந்த பட்டத்தை மீட்டு அவர் காலடியில் வைப்போம் என்றான். கைதட்டல். பிறகு என்னை அழைத்தான். காகிதத்தைப் பார்த்துப் படித்தால் போதும், ரொம்ப உணர்ச்சிவசப்பட வேண்டாம் என்று காதில் சொன்னான்.

மைக்கை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

முதலில் விரலைச் சொன்னேன். குண்டு இல்லை, கொக்கி. முட்டாளாக இருந்தேன் என்று அவரே சொல்லுவார் என்றேன். பெரியவர் தடியைத் தட்டிச் சிரித்தார். அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. பிறகு பாலங்கள், அரை மீட்டர், சைக்கிள். ஐம்பது வருடத்தில் அவர் திட்டியவர்கள் இந்த அறையில் எத்தனை பேர் என்று கேட்டேன். கைகள் எழுந்தன, முதல்வர் உட்பட.

பிறகு மிதவையைச் சொன்னேன். பார்த்தேன், இழுத்தேன், இல்லை என்று அவரிடம் பொய் சொன்னேன். அவர் எனக்காகத் தவறான படம் வரைந்தார், இரண்டு வருடம் ஆற்றை விட்டார், நாற்பத்தோரு வருடம் வாய் திறக்கவில்லை. "ஒரு பொய்யும் சொல்லாதவர்னு போட்டிருக்கீங்க. தப்பு. ஒண்ணு சொன்னார். அது என்னோடது, அதை நான் திருப்பி எடுத்துக்கறேன்."

முன் வரிசையில் நாலு பேர். ஒன்று, நாலு, அஞ்சு, ஏழு. மேடையில் எட்டு. அவர்களைப் பார்த்துத்தான் பேசினேன், முன்பு படகில் பார்த்தது போலவே.

"அந்த மிதவையை நான் பார்த்தது ஒரு நிமிஷம். நீங்க எல்லாரும் அது கண்ணுக்கு மறையிற வரைக்கும் பார்த்துக்கிட்டே வந்தீங்க. அவர் ஒருத்தர்தான் போய்ச் சொன்னார்."

எட்டு தோல் பையைத் திறந்தான், மூடினான். அஞ்சு தலையைக் குனிந்துகொண்டான். யாரும் கைதட்டவில்லை. நன்றியுரை சொல்ல வேண்டியவர் வரவேயில்லை. கூட்டம் தானாகக் கலைந்தது.

வெளியே தம்பி நின்றிருந்தான். கோபமாகத்தான் இருந்தான். ஆனால் என் கைப்பையை வாங்கிக்கொண்டு கார் வரை வந்தான்.

பயம் இல்லை. வெட்கம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. இருக்கட்டும். அது என்னுடையது.

மார்ச் 24, திங்கள்

இரண்டிடமிருந்து போன். சொன்னபடியே திட்டினான். நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு முழுதாகப் பத்து நிமிடம். ஒரு கெட்ட வார்த்தையையும் மிச்சம் வைக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கிளப் என் பெயரை அழைப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாம். அஞ்சின் மனைவி காய்கறிக் கடையில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டின் பேரனை என் டிரைவிங் பள்ளியில் சேர்த்திருந்தார்கள், நேற்றிலிருந்து வருவதில்லை. போகட்டும். ஸ்டியரிங்கை இரண்டு கையால் பிடிக்க வேறு எவனாவது கற்றுக்கொடுப்பான்.

சங்கத்தின் செயலாளர் பேசினார். சின்ன வயதுப் பெண், எதற்கெடுத்தாலும் விதி எண் சொல்கிறாள். இப்படி ஒரு மனு அவர்கள் வரலாற்றிலேயே கிடையாதாம். தண்டனையை நீக்கக் கேட்பார்கள், எனக்குக் கொடுங்கள் என்று யாரும் கேட்டதில்லையாம். என் சொல் மட்டும் போதாது, அன்று படகில் இருந்த இன்னொருவர் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது கதை. யார் எழுதுவார்கள்? அந்த முன் வரிசைக்காரர்கள் நான் கும்பிட்டால்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எட்டு சத்தியமாக மாட்டான்.

ஏப்ரல் 11, வெள்ளி

இரண்டின் மனைவி பள்ளிக்கே வந்தாள். உட்காரக்கூட இல்லை. ஒரு உறையைக் கொடுத்து, "படிச்சுட்டு அனுப்பணுமாம். நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கலை" என்றாள். அவளுக்கு என் மேல் தீராத கோபம். நியாயமான கோபம்.

அச்சகக்காரனின் அழகான கையெழுத்து, வரி வரியாகக் கோணிப்போயிருந்தது. "இரண்டாம் இருக்கையில் இருந்தவன் நான். மிதவையைத் தவறான பக்கத்தில் கண்டேன். பதக்கத்தைக் கழற்றச் சொன்னபோது தெரியாததுபோல நடித்தேன். கோச் மேல் எந்தத் தவறும் இல்லை." கீழே கையொப்பம். அதற்கும் கீழே எனக்குத் தனியாக ஒரு வரி: "போடி சங்கு, உன்னால எனக்கு ஒண்ணும் கிடைக்கல."

அனுப்பிவிட்டேன்.

மே 6, செவ்வாய்

இரண்டு போய்விட்டான். காலையில். அவன் மனைவி என்னை உள்ளே விட்டாள். மற்றவர்களும் வந்திருந்தார்கள். எட்டு என் பக்கத்தில் வந்து நின்றான், நகர்ந்து போகவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

சங்கத்தின் கடிதம் வந்தது. கிளப்பின் மனு தள்ளுபடி. என் மனு ஏற்பு. காலஞ்சென்ற பயிற்சியாளர் மீதான இரண்டு வருடத் தடை, விதித்த நாளிலிருந்தே ரத்து. அதே தடை சுக்கான் பிடித்தவர் மீது, இன்றைய தேதியிலிருந்து. அறுபத்து நாலு வயது வரை நான் எந்தப் பந்தயப் படகிலும் சுக்கான் பிடிக்கக் கூடாது.

வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டார், சிரிக்காமல். கடிதத்தைத் தொட்டால் கையை முறிப்பேன் என்றேன். தடை முடிந்த மறுநாள் துறைக்குப் போய் ஒரு படகு கேட்பேன். கொடுக்கமாட்டார்கள். கேட்பேன்.

பாடங்களைத் தள்ளிவைத்துவிட்டு, பஸ் பிடித்துச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். காகிதத்தில் வந்தால் போதாது, பதிவேட்டில் பார்க்க வேண்டும். குமாஸ்தா தும்மிக்கொண்டே பழைய பெரிய புத்தகத்தை எடுத்துவந்து விரித்தார். அப்பாவின் பெயருக்கு நேரே இருந்த வரியை அடித்து, ஓரத்தில் முத்திரை வைத்திருந்தார்கள். விரலால் தடவிப் பார்த்தேன். மை காய்ந்திருந்தது.

பார்வையாளர் ஏட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். பெயர் எழுதினேன், முகவரி எழுதினேன். அடுத்தது "உறவு" என்ற கட்டம், அங்கே பேனா நின்றுவிட்டது. குமாஸ்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அவருக்கு நீங்க என்ன வேணும்?"

"அவரோட காக்ஸ்" என்றேன்.